பதினொரு சொற்களின் மருத்துவருக்கு, இருபத்தேழாம் எண் அறையிலிருந்து

சொல்லத் துணியாத நோய்களுக்குச் சொல் தந்த சோர்வறியாச் செம்மையே! நாணம் என்னும் நாற்புறப் பூட்டை நகைச்சுவை என்னும் நெம்புகோலால் நெம்பித் திறந்த நல்லறிவே! கட்டிலின் கவலைகளைக் கைப்பிடித்து நடத்தி வந்து காகிதத்தில் எழுத வைத்த கருணைக் கடலே...

இல்லை, கடல் வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை மருந்தகச் சன்னலில் சாய்ந்து நின்றுகொண்டு தாங்கள் இட்ட ஆணை எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. "ரிட்டயர்மென்ட் மடல்ல என்னைக் கடல், மலை, விளக்கு, ஆலமரம்னு எழுதுனீங்கன்னா, கண்ணாடிச் சட்டத்தை மட்டும் வச்சுகிட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்துருவேன். நான் டாக்டர். என்ன செஞ்சேன்னு எழுதுங்க." ஆகவே, அம்மையே, கடலை வற்ற விட்டோம், மலையை மட்டமாக்கினோம், விளக்கை ஊதி அணைத்தோம், ஆலமரத்தை வேரோடு பிடுங்கினோம். அதன்பின் முதல் வரைவில் மிச்சம் இருந்தவை "அன்புடன்" என்ற சொல்லும் எங்கள் கையெழுத்துகளும்தான். எனவே மறுபடி முதலிலிருந்து தொடங்கி, தாங்கள் செய்ததையே எழுதியிருக்கிறோம். சட்டத்தோடு சேர்த்துத் தாளையும் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்கள் இம்மருத்துவமனைக்குள் காலடி வைத்தபோது எலும்பு முறிவுப் பிரிவுக்கும் மின்தூக்கிக்கும் நடுவில், கிடங்காக இருந்த ஓர் அறையைத் தங்களுக்குத் தந்தார்கள். கதவின் மேல் "தோல் நோய் மற்றும் பிற" என்று ஒரு பலகை தொங்கியது. தோல் நோய்க்காரர்கள் என்றோ மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். எஞ்சிய அந்தப் "பிற"தான் தாங்கள்! மனிதரின் ஆசையும் அணைப்பும் அவற்றில் நேரும் அத்தனை கோளாறுகளும் ஆண்டாண்டாக அந்த இரண்டெழுத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தன. தாங்கள் வந்த நான்காம் நாள் பலகை எழுதுபவர் வந்தார். "பாலியல்" வரைக்கும் எழுதிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்து, "உண்மையிலேயே இதுதானாம்மா போடணும்?" என்று காதோடு கேட்டார். "சத்தமாக் கேளுங்க. அதுக்குத்தான் போர்டு" என்றீர்கள். சாண் உயர எழுத்தில் "பாலியல் மருத்துவப் பிரிவு" எழுந்து நின்ற அன்றைக்கு எங்கள் தாழ்வாரமே சற்று நிமிர்ந்தது!

பலகை நிமிர்ந்தாலும் மக்கள் குனிந்தே வந்தார்கள். எக்ஸ்ரேவுக்குப் போகிறவரைப் போல விறுவிறுவென்று நடந்து வந்து, எங்கள் வாசலில் கால் இடறியவரைப் போல உள்ளே விழுவார்கள். விழுந்த பின் காத்திருக்கும் இருக்கையில் ஒரே செய்தித்தாளை ஏழு பேர் பிரித்து, ஆளுக்கொரு தாளாக முகத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். அதில் இரண்டு பேராவது தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைக் கண்டு பாதிப் பேர் மறுபடி எழுந்துகொள்வார்கள்.

"ஆம்பள டாக்டர் யாரும் இல்லையாங்க?"

"இருக்காங்க. ரெண்டு மாடி நிறைய இருக்காங்க. அவங்க யாருக்கும் இது தெரியாது. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்!

தாங்கள் வருமுன் நோயாளியின் சீட்டில் எங்கள் எழுத்தர்கள் எழுதி வந்த ஒரே நோய் "பலவீனம்". அந்தச் சொல்லைக் கண்டவுடன் மருந்தகம் சத்து மருந்தை எடுத்து நீட்டிவிடும். சற்று இலக்கியச் சுவையுள்ள எழுத்தர் "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதுவார். அப்படி எழுதப்பட்ட ஒரு தச்சர் நரம்பியல் பிரிவுக்கு எட்டு மாதம் அலைந்தார். அவர்கள் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "நல்லாத் துள்ளுதே" என்று ஒவ்வொரு முறையும் பாராட்டி அனுப்பினார்கள். தம் வருத்தம் முழங்காலைப் பற்றியது அல்ல என்று சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. அது என்ன வருத்தம் என்று கேட்கும் துணிவு அவர்களுக்கும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் அவர் வழிதவறி நம் அறைக்கு வந்தார். முழங்கால் மட்டும் மிக நல்ல நிலையில் இருந்தது.

அன்று பிறந்ததுதான் அம்மையே, தங்கள் திங்கட்கிழமைப் பாடம்! காலை எட்டரை மணி. நோயாளிகளுக்குக் கதவு திறக்க அரை மணி இருக்கும். தலைமைச் செவிலியர், மருந்தாளுநர், பதிவு எழுத்தர், எந்நேரமும் தேநீர்க் குடுவையோடு திரிவதால் "பிளாஸ்க்" என்றே பெயர் பெற்றுவிட்ட கடைநிலை ஊழியர், அத்தனை பேரும் வரிசையாக நின்று பதினொரு சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும். ஆசை, கிளர்ச்சி, விறைப்பு, விறைப்புக் குறைவு, விந்து முந்துதல், யோனி இறுக்கம், உச்சம், உச்சம் எட்டாமை, புணர்ச்சி வலி, சுயஇன்பம், தணிவு. யாராவது சிரித்தால் எல்லாரும் முதலிலிருந்து. முதல் திங்கட்கிழமை மூன்றாம் சொல்லைத் தாண்டவே முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பிளாஸ்க் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னார். தலைமைச் செவிலியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வயித்து வலின்னு சொல்றப்ப கண்ணை மூடிக்குவீங்களா?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் திறந்துகொண்டார். மூன்று மாதத்தில் காய்கறிப் பட்டியலைப் போல எங்கள் நாவில் அது புரளத் தொடங்கியது!

அதே பதினொரு சொற்களை ஓர் அட்டையில் அச்சிட்டுப் பதிவு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தீர்கள். வருகிறவர் வாயைத் திறக்க வேண்டாம், விரலை வைத்தால் போதும். எழுத்தர் அந்தச் சொல்லை மாற்றாமல், மழுப்பாமல், இலக்கியம் சேர்க்காமல் சீட்டில் எழுத வேண்டும். பிறகு பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் அதை வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் தங்கள் சட்டம். வருகைப் பதிவேட்டில்கூட "உடல்நலமின்மை" என்று எழுதினால் அடித்துவிட்டு, "எந்த உடல்? என்ன நலமின்மை?" என்று சிவப்பு மையில் கேட்கும் தங்களிடம் மழுப்பலுக்கு இடம் ஏது!

எழுதியதால் உயிர் தப்பியவர்களும் உண்டு. நாற்பத்தாறு வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் நான்காவது சொல்லில் விரலை வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாத்திரை கேட்டார். தாங்களோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை பார்த்தீர்களா என்று எங்கெங்கோ சுற்றிக் கேட்டீர்கள். ஓட்டுநர் எரிச்சலடைந்தார்.

"நான் சொன்னது கீழ. நீங்க நெஞ்சைப் பிடிச்சுத் தொங்குறீங்க."

"ரெண்டுக்கும் ஒரே ரத்தம்தான் போகுது. கீழ இருக்கற குழாய் மெலிசு, அதான் முதல்ல மணி அடிக்குது. மேல அடிக்கிற வரைக்கும் காத்திருக்கப் போறீங்களா?"

இதயத்தில் இரண்டு அடைப்புகள். சரிசெய்து ஆறு மாதம் கழித்து வந்தவர், வாசலில் நின்ற எங்கள் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எதற்கு இந்தக் குலுக்கல், மேலே சரியானதற்கா கீழே சரியானதற்கா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டும்!"

இதையெல்லாம் இந்த மண்டபத்தில் பலரும் அறிவார்கள். அறியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். இதில் வருபவர் எங்கள் இப்போதைய பதிவு எழுத்தர். அவர் சொல்ல, அவர் மனைவி திருத்த, இருவரும் ஒப்புக்கொண்ட பின் எழுதியது இது. "பேரு மட்டும் போடாதீங்க, மத்ததெல்லாம் போடுங்க" என்பது அவர் மனைவியின் உத்தரவு.

அப்போது அவருக்கு நம் பிரிவில் ஏழாம் ஆண்டு. கையெழுத்து அச்சுப் போல. பதினொரு சொற்களும் பாடம். ஆனால் அதில் கடைசி நான்கு ஆண்டுகளாக அவருக்கு ஒரு வியாதி இருந்தது. ஐந்து சொற்களை மணி அடித்தாற்போல் சொல்வார். ஆறாவது வரும்போது இருமல் வந்துவிடும். ஏழாவதில் தொண்டை மறுபடி மணியாகிவிடும். "இருமல்" என்று நாங்கள் அவருக்குப் பெயரே வைத்துவிட்டோம். மருந்தாளுநர் இரண்டு முறை இருமல் மருந்து கொடுத்தார். எத்தனையோ நோய்களைப் பேரோடு அறிந்த எங்கள் கூட்டத்துக்கு, ஒரே சொல்லுக்கு மட்டும் வருகிற இருமல் எங்கே பிடிக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அவருக்குத் திருமணமாகி அப்போது நான்கு ஆண்டுகள்!

அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். நடுங்குகிற கைகளை நாள் முழுக்க நெடுஞ்சாலைக்குப் பழக்குகிறவர். ஆனால் அவர்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஒன்று நடக்கவே இல்லை. நெருங்கும்போதெல்லாம் மனைவியின் உடல் தானாகப் பூட்டிக்கொண்டது. தொடைகள் கல்லாகும், மூச்சு நின்றுவிடும், கண்ணில் நீர் வந்துவிடும். "எனக்கு அமைப்பே அப்படி, உள்ள வழியே இல்ல போல" என்று அவர் முடிவு செய்துவிட்டார். எழுத்தரோ "பரவாயில்ல, தூங்கு" என்பார். அது என்ன கோளாறு, எதனால் வருகிறது, எந்த அறையில் தீர்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறையின் வாசலில்தான் அவர் சம்பளம் வாங்கினார். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் மனைவியைக் குற்றம் சொல்வதாகிவிடுமோ என்று ஒரு பயம். நாளை வரிசையில் நிற்கும்போது நாங்கள் ஓரக்கண்ணால் பார்ப்போமோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரியது என்று அவரே இதைத் திருத்திச் சொன்னார்.

இதற்கிடையில் எழுத்தரின் தாய் களத்தில் இறங்கினார். "நாலு வருஷமாச்சு. டாக்டருங்க கட்டடத்துலயே உக்காந்திருக்க, பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போய்க் காட்டக் கூடாதா? இல்ல, வேற யோசனை பண்ணட்டுமா? ரெண்டு மூணு இடம் எனக்குத் தெரியும்." வேறு யோசனை என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. எழுத்தர் மனைவியை அழைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக் கருத்தரிப்புப் பிரிவுக்குப் போனார். சீட்டை அவரே நிரப்பினார். ஏழு ஆண்டுகளாகப் பிறருக்கு "மழுப்பாதீங்க" என்று சொல்லிவந்த அந்த அச்சுக் கையெழுத்து, "குழந்தையின்மை, நான்கு ஆண்டுகள்" என்று எழுதியது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், கதவைத் திறக்காத வீட்டில் விருந்தாளி வரவில்லை என்று புகார் எழுதினால் அது உண்மையும் ஆகாது.

மூன்றாம் மாடி சுறுசுறுப்பானது. இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். எழுத்தரின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் முதல் வகுப்பில் தேறின. அவற்றுக்கு இதுவரை ஓடுவதற்கு ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது அறிக்கையில் இல்லை. கருக்குழாய்ச் சோதனைக்குக் கருவியைக் கொண்டு வந்தபோது அவர் மனைவி அலறித் துள்ளி மேசை ஓரத்துக்குப் போய்விட்டார். கோப்பில் ஒரே வரி ஏறியது: "நோயாளி ஒத்துழைக்கவில்லை." அதற்கடுத்த வரி: "வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்க்கப்படும்." இவ்வளவும் நடந்த நான்கு மாதத்தில் அவர்கள் இருவரையும் நோக்கி ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வியாழனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை எழுத்தர் காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்தார். பாடம் மறந்திருக்குமோ என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே பதினொன்றையும் சொல்லிப் பார்த்தார். ஆறாவதில் இருமினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார்.

"அது என்னங்க, அஞ்சு வரைக்கும் நல்லாத்தான சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். மறுபடி இருமல்.

"ஆறாவதுல என்ன இருக்கு?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்தர் அதை மூடினார். மூடிய குழாயைப் பார்த்துக்கொண்டே, தாங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த அதே வார்த்தைகளில் சொன்னார்: "சில பேருக்கு அந்த இடத்துத் தசை தானா இறுகிக்கும். வலிக்கப் போகுதுன்னு உடம்பு பயந்து மூடிக்கும். அவங்க வேணும்னு செய்றதில்ல. அமைப்புல கோளாறும் இல்ல. சரியாயிடும்."

அவர் மனைவி மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். பிரித்ததை மறுபடி மடித்தார்.

"இதுக்குப் பேர் இருக்கா?"

"இருக்கு."

"பேர் இருக்குன்னா, எனக்கு முன்னாடியே நிறைய பேருக்கு வந்திருக்கு."

"வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க."

"வாரத்துக்கு ரெண்டு மூணு பேருக்குச் சீட்டு எழுதிட்டு வந்து, என்கிட்ட 'பரவாயில்ல தூங்கு'ன்னு சொன்னீங்களா? நாலு வருஷமா?"

அந்தச் சட்டையால்தான் அடித்தார். வலிக்கவில்லை என்று எழுத்தர் சொல்கிறார். வலித்திருக்கும் என்று அவர் மனைவி சொல்கிறார். அதன்பின் இருவரும் அழுதார்கள். பிறகு அவர் மனைவி முகம் கழுவிக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள் என்று கேட்டார். வெறும் கோபத்தில் கேட்பதாக எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைப் பாடத்தில் வழக்கம் போல இருமினார். ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. வரிசையில் ஐந்தாவதாக அவர் மனைவி நின்றார்! முகத்துக்கு நேரே செய்தித்தாள் இல்லை. தோளில் பை, கையில் பயிற்சிப் பள்ளியின் சாவிக்கொத்து, பத்தரைக்கு அடுத்த வகுப்பு. எழுத்தர் எழுதிய முதல் நால்வரின் சீட்டுகளிலும் வரலாற்றில் முதல் முறையாக அடித்தல் திருத்தல் விழுந்தது. தலைமைச் செவிலியர் பார்த்தார். பிளாஸ்க் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு, தங்கள் மாணவர்கள் ஆதலால், உடனே அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அவர் மனைவி மேசைக்கு வந்தார். கண்ணாடி மேல் விரலை வைத்தார். ஆறாவது சொல்.

எழுத்தர் அந்த விரலைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாகத் தெரிந்த விரல். சீட்டை எடுத்தார். எழுதினார். சட்டத்தின் அடுத்த பகுதி மீதம் இருந்தது, வாசித்துக் காட்ட வேண்டும். இருமல் தொண்டை வரை ஏறி வந்ததைச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற மருந்தாளுநர் கண்டார். ஏறி வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது. எழுத்தர், பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில், ஆனால் ஓரெழுத்தும் விழுங்காமல், தம் மனைவியிடம் வாசித்தார்.

"யோனி இறுக்கம். சரிதானே?"

"சரி. வயசு எழுதலையே?"

வயதை எழுதினார்.

உள்ளே நடந்ததில் அவர்கள் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்கிறோம். தாங்கள் மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். "இன்னிக்கு நான் சோதிச்சுப் பாக்க மாட்டேன். நீங்க 'பாருங்க'ன்னு சொல்ற அன்னிக்குத்தான். 'போதும்'னா அந்த நொடியே நிறுத்திருவேன்" என்றீர்கள். அதைக் கேட்டதும் தம் தோள் இரண்டும் இறங்கியதாகவும், அதுவரை அவை ஏறியிருந்ததே தமக்குத் தெரியாது என்றும் அவர் மனைவி சொல்கிறார்.

பிறகு தங்கள் அறைத் தொலைபேசி பழுதாகி இருந்ததால், செவிலியர் மேசைக்கு வந்து மூன்றாம் மாடியை அழைத்தீர்கள். எடுத்தவர் கருத்தரிப்புப் பிரிவின் பேராசிரியர். இன்று இம்மேடையில் நடுநாயகமாக வீற்றிருந்து தலைமை தாங்கும் அவரே! இதை எழுத அவரிடமும் அனுமதி கேட்டோம். நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "எழுதுங்க, வேற வழி?" என்றார்.

"வியாழக்கிழமை லிஸ்ட்ல ஒரு பேரை அடிச்சிருங்க சார். அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா?"

"எந்தக் கேள்வி மேடம்?"

"நாலு வருஷத்துல உறவு நடந்திருக்கான்னு."

"அதெல்லாம் குடும்பப் பொண்ணுகிட்ட எப்படி மேடம் கேக்கறது?"

"வயித்துல ஓட்டை போடலாம், வாயால கேக்கக் கூடாதா?"

பேராசிரியர் பெயரை அடித்தார். அது மட்டுமல்ல, அடுத்த வாரமே இறங்கி வந்து நம் அட்டையில் ஒரு படி வாங்கிச் சென்றார். இன்று மூன்றாம் மாடியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கோப்பும் திறப்பதில்லை. கேட்கும்போது மட்டும் அவர் இன்னும் மின்விசிறியைத்தான் பார்க்கிறார். ஆனால் கேட்டுவிடுகிறார்!

அதன்பின் வந்த திங்கட்கிழமையை மறப்போமா! ஐந்து சொற்கள் போயின. ஆறாவது வந்தது. எழுத்தர் சொன்னார். இருமவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை நாங்கள், பார்ப்போமா? ஆனால் ஏழாவது சொல்லை அதுவரை இல்லாத சத்தத்தில் சொல்லிவிட்டோம். அந்த ஏழாவது சொல் "உச்சம்". எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து இருவர் ஊன்றுகோலோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிகிச்சை மந்திரமன்று. முதல் ஆறு வாரம் உறவுக்கே தடை விதித்தீர்கள். நான்கு ஆண்டுகளாக நடக்காத ஒன்றுக்குத் தடையா என்று எழுத்தர் குழம்பினார். அவர் மனைவியோ அந்தத் தடையைக் கேட்டுத்தான் முதன்முறை சிரித்தார். இனி மாலையானால் பயம் இல்லை, இன்றைக்கு ஒன்றும் நடக்க வேண்டியதில்லை! தடைக்குள்ளே தொடுவது உண்டு. முதலில் கை, முதுகு, பாதம், பிறகு அவர் சொல்லும் இடம், அவர் சொல்லும் வேகம். மூச்சுப் பயிற்சி உண்டு. அடுத்து, தசைகளைப் பழக்குவதற்கு வழவழப்பான ஐந்து குச்சிகள், சுண்டுவிரல் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியவை. அவற்றை அவரேதான், அவர் கையாலேதான் பழக வேண்டும். "அடுத்ததுக்கு எப்பப் போறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றீர்கள். "புரியுது டாக்டர்மா. கிளட்சைச் சட்டுனு விடாதீங்கன்னு நாள் முழுக்க நான் சொல்றதுதான்" என்றார் அவர். குச்சிகள் இருந்த பெட்டியை அலமாரியில் பார்த்த மாமியார் இது என்ன என்று கேட்டாராம். "எனக்குக் குடுத்த மருந்து அத்தை. வேலை செய்யுது" என்றாராம் மருமகள். வேறு யோசனை பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

மூன்றாவது குச்சியில் ஏழு வாரம் தேங்கினார்கள். எழுத்தர் முகம் தொங்கிப் போனது. "படிக்கட்டுல நின்னு மூச்சு வாங்கிக்கிறது தோத்துப் போறதில்ல" என்று தாங்கள் சொன்னதை அவர் ஒரு சீட்டில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். இன்றும் இருக்கிறது, நாங்கள் திறந்து பார்த்தோம்.

ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. எட்டரை ஆனது. பாடம் தொடங்கியது. எழுத்தரைக் காணவில்லை. ஏழு ஆண்டுகளில் ஒரு நிமிடம் தாமதம் அறியாதவர்! எட்டே முக்கால். பாடம் முடிந்தது. ஒன்பது. கதவு திறந்தது, பிளாஸ்க் சீட்டு எழுதினார், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நலம். ஒன்பது பத்துக்கு எழுத்தர் ஓடி வந்தார். தலை வாரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று துளை மாறி மாட்டியிருந்தது. முகத்தை மட்டும் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அது தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். "தாமதத்துக்குக் காரணம்" என்ற கட்டத்துக்கு வந்து பேனாவைப் பிடித்தபடி நின்றார். மழுப்பக் கூடாது, சட்டம். எழுதவும் முடியாது, ஊர் பார்க்கும் ஏடு. வியர்த்துப் போனார்.

தாங்கள் அறையிலிருந்து வந்தீர்கள். அவரையும் பார்த்தீர்கள், பொத்தானையும் பார்த்தீர்கள். தங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் தாங்களே எழுதினீர்கள்: "சொந்த வேலை."

எழுதிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். உள்ளே போன பின் தாங்கள் தனியாகச் சிரித்ததைத் தலைமைச் செவிலியர் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். மறுக்க வேண்டாம்.

அம்மையே! "உடல்நலமின்மை"யைச் சிவப்பு மையால் அடித்த கை அது! எத்தனையோ பேரின் மழுப்பலை மடக்கிய நாக்கு அது! இருபத்து மூன்று ஆண்டுகளில் தாங்கள் எழுதிய ஒரே ஒரு மழுப்பல் அந்த ஏட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், தங்கள் சொந்தக் கையெழுத்தில், சிவப்பு மையிலேயே இருக்கிறது. நோயைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், மகிழ்ச்சியை அவரவர் வீட்டில் விட்டுவிட வேண்டும் என்று அந்த இரண்டு சொற்களில் நாங்கள் கற்றோம். அந்த ஏடு பழைய காகிதத்தோடு போகாது. நாங்கள் பூட்டி வைத்திருக்கிறோம்.

இனி திங்கட்கிழமைகள் எங்களுடையவை. எட்டரைக்குப் பதினொரு சொற்களும் ஒலிக்கும், யார் வந்தாலும், எந்தப் பலகை மாறினாலும். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவருக்கு எங்கள் வணக்கமும் ஒரு விண்ணப்பமும்: இவ்வளவு நாள் எங்களுக்குக் கடனாகத் தந்தவரை இன்று பத்திரமாகத் திருப்பித் தருகிறோம், நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அய்யாவின் காது சிவப்பது பின்வரிசை வரை தெரிகிறது.

தங்களுக்கு நூறாண்டும், நூறிலும் படியேறினால் மூச்சு வாங்காத நெஞ்சும், குழாய்கள் அடைபடாத குருதியும், வலியறியாத மூட்டும் வாய்க்கட்டும். ஆசை, கிளர்ச்சி, உச்சம், தணிவு என்று நான்கு நிலைகளைத் தாங்கள்தான் கரும்பலகையில் வட்டமாக வரைந்து காட்டினீர்கள். ஓய்வு என்றால் நான்காவது நிலை என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வட்டத்தில் தணிவுக்கு அடுத்து என்ன வரும் என்று தாங்கள் எங்களைக் கேட்டதும், எழுத்தர் எழுந்து "மறுபடி முதல்லேர்ந்து, டாக்டர்மா" என்றதும் நினைவிருக்கட்டும்.

மறுபடி முதலிலிருந்து, டாக்டர்மா!

இங்ஙனம்,
கடல், மலை, விளக்கு, ஆலமரம் இன்றித் தங்களை நேசிக்கும்
இருபத்தேழாம் எண் அறையின் தலைமைச் செவிலியர், மருந்தாளுநர், பிளாஸ்க்,
இம்மடலை இம்மேடையில் நின்று, ஆறாவது சொல் உட்பட, ஓரிடத்திலும் இருமாமல் வாசித்து முடித்த பதிவு எழுத்தர்,
மூன்றாம் வரிசையில் சாவிக்கொத்தோடு அமர்ந்து பிழை திருத்திய அவர் மனைவி.